ஆடுகளம் அமைத்தவர்

நுழையும்முன்

விளையாட்டுப் பாடவேளைக்கான மணி அடித்ததும் வகுப்பறை ஒரு நொடியில் காலியாகிவிடுவதை நாம் அறிவோம். அந்தப் பாடவேளை கால அட்டவணைக்குள் தானாக வந்து அமர்ந்ததன்று. அதற்கென ஓர் ஆசிரியரும், அந்த ஆசிரியரை உருவாக்க ஒரு பயிற்சிக் கல்லூரியும், அவர் கையில் ஒரு விதிநூலும் தேவைப்பட்டன. அவற்றுக்காகத் தம் வாழ்வின் பிற்பாதி முழுவதையும் சென்னையில் செலவிட்ட ஒருவரைப் பற்றியது இப்பாடம்.

*

தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் பெயரைத் தாங்கி நிற்கும் விம்கோ நகரில் ஒரு மாணவர் மெட்ரோ தொடர்வண்டியில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திருவொற்றியூர்த் தேரடி, காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி எனத் தூண்களின் மேல் செல்லும் வண்டி, ஆலைகளின் புகைபோக்கிகளையும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளையும் காட்டிவிட்டு நிலத்தடிக்குள் இறங்குகிறது. தியாகராயர் கல்லூரி நிலையம் கடந்து உயர்நீதிமன்ற நிலையத்தில் நின்று, பிறகு நகரின் தெற்கு நோக்கி விரைந்து நந்தனத்தை அடைகிறது. பொங்கலையொட்டி நடைபெறும் புத்தகக் காட்சிக்காக அங்கே இறங்கியவர்கள் நம்மில் பலர் உண்டு. அரங்குகள் நிறைந்த அந்தப் பரந்த திடலின் உண்மையான உரிமை ஓட்டக்காரர்களுக்கும் பந்தாட்டக்காரர்களுக்கும் உரியது என்பது புத்தகப் பைகளைச் சுமந்துகொண்டு வெளியேறும்போது பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை. அதனை உருவாக்கியவர் ஹாரி குரோ பக்.

ஆட்டமும் கல்வியே

பக் 1884ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி பயின்றார். அக்கல்லூரி அக்காலத்தில் விளையாட்டு உலகின் ஓர் ஆய்வுக்கூடம் போன்று விளங்கியது. கடும் பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக, அங்கு ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891ஆம் ஆண்டில் பழக்கூடையை மாடக் கைப்பிடியில் தொங்கவிட்டுக் கூடைப்பந்தைக் கண்டறிந்தார். அருகில் இருந்த ஹோலியோக் நகரில் 1895ஆம் ஆண்டு வில்லியம் மார்கன் கைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். உடல், மனம், ஆன்மா ஆகிய மூன்றையும் முக்கோணத்தின் மூன்று பக்கங்களாகக் கண்டு, அந்த முக்கோணத்தையே இயக்கத்தின் சின்னமாக்கிய லூதர் குலிக்கும் ஸ்பிரிங்பீல்டைச் சேர்ந்தவரே.

விளையாட்டு என்பது படிப்பின் நடுவே கிடைக்கும் ஓய்வு என்று கருதிய உலகில், ஆட்டமே ஒரு கல்வி என்று அங்கே கற்பித்தார்கள். அந்தக் கருத்தைப் பெட்டியில் சுமந்துகொண்டுதான் பக் 1919ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார் எனலாம்.

அவர் வந்தபோது சென்னை ஒய்.எம்.சி.ஏ. புதிய அமைப்பன்று. 1890ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அது, உயர்நீதிமன்றத்திற்கு எதிரே எஸ்பிளனேடு பகுதியில் செந்நிறக் கட்டடம் ஒன்றைத் தனக்கெனக் கொண்டிருந்தது. அதற்குப் பெரும்பொருள் ஈந்தவர் பிலடெல்பியா நகர வணிகர் ஜான் வானமேக்கர். பிலடெல்பியாவும் பக் பிறந்த பென்சில்வேனியாவில்தான் இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் முன்னின்று பார்த்தால் ஒருபுறம் நீதிமன்றக் கோபுரம், சிறிது தொலைவில் துறைமுகம், வடக்கே நெருக்கமான ஜார்ஜ் டவுன் தெருக்கள். அவற்றையும் தாண்டினால் இராயபுரம். தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு புறப்பட்ட நிலையம் அங்கேதான் உள்ளது.

ஊதலும் கட்டளையும்

அன்றைய பள்ளிகளில் உடற்பயிற்சி எவ்வாறு இருந்தது என்பதை அறிந்தால்தான் பக் செய்த பணியின் அளவு புரியும். பெரும்பாலான பள்ளிகளில் அப்பொறுப்பு படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவர்களுக்குத் தெரிந்தது அணிவகுப்பு. நில், திரும்பு, நட என்னும் கட்டளைகளுக்கு ஏற்பச் சிறுவர்கள் வரிசையாகக் கையைத் தூக்கினார்கள், காலை உயர்த்தினார்கள். கட்டளைக்குக் கீழ்ப்படிவதே அங்கே பாடம். உடலின் அமைப்பும் வளர்பருவத்தின் தேவையும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டவை அல்ல. அந்தப் பயிற்றுநர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. அவர்களிடம் வேறொன்றைக் கேட்டவரும் இல்லை. ஆசிரியர் வரிசையில் அவர்களுக்கு இடமும் கிடைக்கவில்லை.

ஆனால் பள்ளிக்கு வெளியே நிலைமை அப்படி வறண்டிருக்கவில்லை. சடுகுடுவும் கிளித்தட்டும் சிலம்பமும் மல்யுத்தமும் தெருவிலும் கடற்கரையிலும் உயிரோடிருந்தன. பெரம்பூரின் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளிலும் துறைமுகத்திலும் நாள் முழுவதும் உழைத்த மக்கள் வடசென்னையில் நிறைந்திருந்தார்கள். 1918ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சென்னைத் தொழிலாளர் சங்கம், பணிநேரத்தையும் உணவு இடைவேளையையும் பற்றிக் கேள்வி எழுப்பிக்கொண்டிருந்தது. ஓய்வுக்கே போராட வேண்டியிருந்த மக்களிடம் ஆட்டத்திற்கான நேரம் எவ்வளவு எஞ்சியிருக்கும்? இருந்தும் அவர்கள் ஆடினார்கள். அவ்வாட்டங்களைக் கல்வியின் கண்கொண்டு பார்த்தவர் குறைவு என்பதே அன்றைய நிலை.

ஐந்து மாணவர்கள்

1920ஆம் ஆண்டில் பக் சென்னையில் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சேர்ந்தவர்கள் ஐவர். கருவிகளும் இடமும் மிகக் குறைவு. ஆசியாவில் இத்துறைக்கெனத் தோன்றிய முதல் கல்லூரி என்று இன்று போற்றப்படுவதன் தொடக்கம் இவ்வளவு எளியது.

காலமும் அவருக்கு இசைவாக இருந்ததாகச் சொல்ல முடியாது. அதே ஆண்டில்தான் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் எழுந்தது. அரசு சார்ந்த பள்ளிகளையும் கல்லூரிகளையும் விட்டு வெளியேறுமாறு மாணவர்கள் அழைக்கப்பட்டார்கள். மறு ஆண்டு பெரம்பூர் ஆலைகளில் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் வடசென்னையைக் கொந்தளிக்கச் செய்தது. அந்நேரத்தில் வெளிநாட்டவர் ஒருவர், அதுவும் கிறித்தவ அமைப்பைச் சேர்ந்தவர், இந்திய இளைஞர்களின் உடலைப் பயிற்றுவிக்கப் பள்ளி தொடங்குகிறார். ஐயத்தோடு நோக்குவதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. பக் அதற்கு விடையாகத் தந்தது தம் பாடத்திட்டத்தைத்தான் என்று தோன்றுகிறது. கூடைப்பந்தையும் கைப்பந்தையும் கற்பித்த அவர், இந்த மண்ணின் ஆட்டங்களுக்கும் பயிற்சியில் இடமளித்தார். உடற்கூறும் உடலியங்கியலும் கற்பித்தல் முறையும் பாடங்களாயின. பயிற்சி முடித்து வெளியே வந்தவர் கட்டளையிடும் பயிற்றுநராக இல்லாமல் ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதே அவர் வைத்த இலக்கு.

இதனோடு அவர் செய்த மற்றொரு பணி பார்வைக்குச் சிறியது, பயனில் பெரியது. பல்வேறு விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். ஓர் ஊரின் அணி மற்றோர் ஊருக்குச் சென்று ஆடும்போது முதலில் எழும் பூசல் விதியைப் பற்றியதுதான். கோட்டின் அளவு எவ்வளவு, ஆட்டக்காரர் எத்தனை பேர், நடுவரின் சொல்லுக்கு எல்லை எது என்பவை தாளில் அச்சாகாத வரையில் தெருவுக்குத் தெரு ஆட்டம் மாறும். அச்சான பிறகு திருநெல்வேலிக் கல்லூரியும் சென்னைக் கல்லூரியும் ஒரே ஆட்டத்தை ஆட இயலும். மாநிலம், நாடு, உலகம் என விரியும் எந்த விளையாட்டுக் கூட்டமைப்புக்கும் அடித்தளம் இந்தப் பொதுவிதிதான். 1929ஆம் ஆண்டு அவர் தொடங்கிய இதழுக்கு ‘வியாயாம்’ என்று இந்தியப் பெயரையே சூட்டினார்.

பாரிஸ் நகரில் ஒரு சிறிய அணி

பக்கின் வாழ்வில் பலரும் நினைவுகூரும் நிகழ்ச்சி 1924ஆம் ஆண்டின் ஒலிம்பிக் பயணம். அதன் பின்னணியைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

தொழிலதிபர் தோராப்ஜி டாட்டா புனே நகரின் தக்காண ஜிம்கானாப் போட்டிகளில் காலணியின்றி ஓடிய உழவர்களைக் கண்டார். அவர்களுடைய வேகம் ஐரோப்பிய ஓட்டக்காரர்களின் வேகத்திற்கு நெருக்கமாக இருந்தது அவரை வியக்கச் செய்தது. அவருடைய முயற்சியாலும் பொருளுதவியாலும் 1920ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கிற்குச் சிறிய இந்திய அணி ஒன்று சென்றது. அது ஒரு தனிமனிதரின் ஆர்வத்தில் விளைந்த பயணம். அடுத்த ஒலிம்பிக்கிற்கு முறையான தேர்வு வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஒய்.எம்.சி.ஏ.யின் உடற்கல்வி இயக்குநர் ஏ.ஜி. நோரன் டாட்டாவுக்குத் துணைநின்றார். மாகாணங்களில் தேர்வுப் போட்டிகள் நடந்தன. 1924ஆம் ஆண்டு பிப்ரவரியில் தில்லியில் அகில இந்திய ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. அங்கே தேர்வான தடகள அணியைப் பாரிசுக்கு அழைத்துச் செல்லும் மேலாளர் பொறுப்பு பக்கிடம் வந்தது.

அந்த அணியில் இருந்தவர்களுள் ஒருவர் கண்ணூரில் பிறந்த சி.கே. லட்சுமணன். 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் பங்கேற்றார். அவர் மருத்துவர். பின்னாளில் இந்தியச் சுகாதாரப் பணிகளின் தலைமை இயக்குநராக உயர்ந்தார். பட்டியாலாவைச் சேர்ந்த தலிப் சிங் நீளம் தாண்டினார். அணி பதக்கம் ஏதுமின்றித் திரும்பியது. அதனைத் தோல்வி என்று எழுதிவிட்டுக் கடந்து செல்வது எளிது. ஆயினும் தில்லித் தேர்வில் முதன்முறையாகப் பல மாகாணத்து இளைஞர்கள் ஒரே களத்தில், ஒரே அளவுகோலின்படி ஓடினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாரிசிலிருந்து திரும்பிய பக்கும் நோரனும் மாகாணங்கள் தமக்கெனச் சங்கங்களை அமைத்துக்கொள்ள உதவினார்கள். 1927ஆம் ஆண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. டாட்டா தலைவரானார், நோரன் செயலாளரானார். மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாமில் இந்திய வளைகோல் பந்தாட்ட அணி தங்கம் வென்றது.

பாரிஸ் நகருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. பக் அங்கே செல்வதற்கு முந்தைய ஆண்டு, 1923 மே மாதத்தில், பல நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் பங்கேற்ற முதல் பன்னாட்டுப் போட்டிகளை ழான் பெத்திழான் என்னும் பிரெஞ்சுக்காரர் அந்நகரில் நடத்தினார். முதல் உலகப்போரில் எதிரெதிர் அகழிகளில் கிடந்த தலைமுறையின் தம்பிமார்கள் ஓடுதளத்தில் சந்திக்க வேண்டும் என்ற வேட்கை அதற்குள் இருந்தது. இரண்டாம் உலகப்போர் மூளும் வரை அப்போட்டிகள் தொடர்ந்தன.

அடையாற்றங்கரையில்

சென்னைக்குத் திரும்பிய பின் பக் தம் ஆற்றலைப் பயிற்சிப் பள்ளிக்கே செலுத்தினார். சென்னை மாகாண அரசுக்கு உடற்கல்வி ஆலோசகராகவும் பணியாற்றினார். சைதாப்பேட்டைக்கு அருகே அடையாற்றங்கரையில் ஏறத்தாழ 65 ஏக்கர் நிலம் கிடைத்தது. அங்கே ஓடுதளங்களும் பந்தாட்டக் களங்களும் உருவாயின. பள்ளி கல்லூரியானது. அவருடைய துணைவியார் மேரி பக்கும் அப்பணியில் தோள் கொடுத்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து பயின்று திரும்பியவர்கள் தத்தம் ஊர்களில் உடற்கல்வியின் முதல் ஆசிரியர்களானார்கள். 1931இல் ஐதராபாத்திலும் 1932இல் கல்கத்தாவிலும் 1938இல் பம்பாயை அடுத்த காந்திவலியிலும் இதுபோன்ற பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. அவற்றுக்கெல்லாம் சென்னையே முன்சென்றது.

இங்கே ஒன்றைக் கூறாமல் இருப்பது நேர்மையாகாது. பக்கின் திடல் நகரின் தெற்கே அமைந்தது. வடசென்னையின் ஆலைத் தொழிலாளியும் மீனவரும் துறைமுகச் சுமைதூக்குபவரும் அங்கே பயிற்சிக்குச் சென்றவர்கள் அல்லர். அவர்கள் தமக்கென வேறு களங்களை அமைத்துக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என ஆசிரியர் வழி மாணவர் வழியாக வளர்ந்த வடசென்னைக் குத்துச்சண்டைக்குக் கல்லூரியும் சான்றிதழும் கிடையாது. திறமை குறைவென்று எவரும் கூற முடியாது. பயின்றவர்கள் ஆசிரியர்களாக அரசுப் பள்ளிகளுக்குச் சென்றபோதுதான் இவ்விரு உலகங்களுக்கும் இடையே ஒரு வாயில் திறந்தது. திருவொற்றியூரின் ஒரு பள்ளிச் சிறுவனுக்குத் தெருவில் தெரிந்த சடுகுடு, பள்ளி அணியின் ஆட்டமாயிற்று. ஆயினும் உயர்கல்விக்குச் செல்லாதவருக்குப் பல்கலைக்கழகப் போட்டியின் வாயில் அன்றும் மூடியிருந்தது, இன்றும் மூடியே இருக்கிறது.

பல்கலைக்கழகங்களின் களம்

இந்தியப் பல்கலைக்கழகங்கள் 1925ஆம் ஆண்டில் தமக்குள் ஒரு பொது வாரியத்தை அமைத்துக்கொண்டன. பாடத்திட்டமும் பட்டங்களின் ஏற்பும்தாம் அதன் முதற்கவலை. விளையாட்டு பின்னர்த்தான் உள்ளே வந்தது. 1935ஆம் ஆண்டில் ரோஹின்டன் பாரியா கோப்பைக்கான பல்கலைக்கழகங்களுக்கிடையேயான கிரிக்கெட் போட்டி தொடங்கியது. முதலில் கிரிக்கெட் வாரியம் அதனை நடத்தியது. 1940ஆம் ஆண்டையொட்டிப் பல்கலைக்கழகங்களே தமக்கெனப் பொது விளையாட்டு வாரியத்தை அமைத்து அப்பொறுப்பை ஏற்றன. நாடளாவிய மாணவர் விளையாட்டுக் கூட்டமைப்பு என்று சொல்லத்தக்க அமைப்பு இந்தியாவுக்குக் கிடைத்தது அப்போதுதான்.

இவ்வமைப்பு இயங்கும் முறை எளிதாகத் தோன்றும். கல்லூரி அணிகள் தம் பல்கலைக்கழகத்திற்குள் மோதும். சிறந்தவர்களைத் தேர்ந்து பல்கலைக்கழக அணி அமையும். அவ்வணிகள் மண்டல அளவில் ஆடி, அதில் தேறுபவை அகில இந்தியப் போட்டிக்குச் செல்லும். ஆனால் இதன் ஒவ்வொரு படியிலும் ஒருவர் நின்றாக வேண்டும். களத்தை அளந்து கோடு போடுபவர், ஆடுபவர் மெய்யாகவே மாணவர்தாமா என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்பவர், தோற்ற அணியைத் தொடர்வண்டியில் பத்திரமாக ஊருக்கு அழைத்து வருபவர். கல்லூரிகளில் இப்பணியைச் செய்பவரே உடற்கல்வி இயக்குநர். வாரியத்தில் பக்கின் கையொப்பத்தைத் தேட வேண்டியதில்லை. வாரியத்தின் தீர்மானத்தைக் களத்தில் நிறைவேற்றக்கூடிய மனிதர்களை இருபது ஆண்டுகளாக உருவாக்கி வந்ததே அவருடைய பங்கு.

தெரியுமா?

போருக்குப் பின் 1949ஆம் ஆண்டில் பன்னாட்டுப் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு உருவானது. அதன் உலகப் போட்டிகள் 1959ஆம் ஆண்டு இத்தாலியின் டூரின் நகரில் தொடங்கின. வென்றவருக்குப் பதக்கம் சூட்டும்போது நாட்டுப்பண்ணுக்குப் பதிலாக மாணவர்களுக்குப் பொதுவான பழைய இலத்தீன் பாடல் ஒன்றை இசைக்கும் வழக்கம் அங்கே ஏற்பட்டது.

இறுதி ஆண்டுகள்

இரண்டாம் உலகப்போர் சென்னையையும் விட்டுவைக்கவில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானியத் தாக்குதல் குறித்த அச்சத்தால் மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினார்கள். துறைமுகத்தை ஒட்டிய வடசென்னைத் தெருக்கள் வெறிச்சோடின. பக் தம் வாழ்வின் ஐம்பத்தெட்டாம் வயதில், 1943ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் மறைந்தார். இந்தியாவுக்கு வந்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. விடுதலை பெற்ற இந்தியாவை அவர் காணவில்லை. இந்திய உடற்கல்வியின் தந்தை என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அவர் பெயரால் நினைவுத் தடகளப் போட்டிகளும் நடத்தப்பெற்றன.

அவர் மறைவுக்குப் பின் காலம் வேகமாக நகர்ந்தது. 1956-57ஆம் கல்வியாண்டு முதல் விளையாட்டில் ஒட்டுமொத்தமாகச் சிறந்து விளங்கும் பல்கலைக்கழகத்திற்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை வழங்கப்பட்டு வருகிறது. பல்கலைக்கழகங்களின் பொது வாரியம் 1973ஆம் ஆண்டில் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் என்று பெயர் பெற்றது. உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளுக்கு இந்திய மாணவர் அணியை அனுப்புவது அச்சங்கமே. 2023ஆம் ஆண்டு சீனாவின் செங்டு நகரில் நடைபெற்ற போட்டிகளில் அவ்வணி 11 தங்கம் உட்பட 26 பதக்கங்களை வென்றது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் வெறுங்கையோடு பாரிசிலிருந்து திரும்பிய அணியின் மேலாளருக்கு இந்த எண்கள் வியப்பைத் தந்திருக்கும்.

வடசென்னையிலும் உயர்கல்வி வேரூன்றியது. பக் உயிரோடிருந்தபோதே, 1938ஆம் ஆண்டில், இராயபுரத்தை ஒட்டிய பழைய மருத்துவப் பள்ளி ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாகியிருந்தது. 1950ஆம் ஆண்டில் பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயர் கல்லூரி தொடங்கப்பெற்றது. துறைமுகத் தொழிலாளரின் மகனும் ஆலைத் தொழிலாளரின் மகனும் வீட்டுக்கு அருகிலேயே கல்லூரியில் சேர்ந்து, கல்லூரிச் சீருடையில் பல்கலைக்கழகப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வழி பிறந்தது. அக்கல்லூரியின் பெயரைத் தாங்கிய நிலத்தடி நிலையத்தில் மாலை வேளைகளில் தோளில் காலணிப் பையுடன் மாணவர்கள் சிலர் ஏறுகிறார்கள். அவர்களுள் எவரேனும் நந்தனத்தில் இறங்கக்கூடும்.